பிரிக்காத மூட்டை

போடியில் டிடிபி கடை வைத்திருக்கும் சந்திரவல்லிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. திரையில் எழுத்து குழம்பினால் அது எழுத்துருவின் குற்றம்தான், வேறு எதையும் ஒப்பமாட்டாள். பதினைந்து வருடம் கல்யாணப் பத்திரிகைகளோடு மல்லுக்கட்டியவளுக்கு வேறெப்படித் தோன்றும்?

அவள் வீடியோ பார்த்தே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றவள். தினசரி ஏலக்காய் ஏல விலையை இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, குரங்கணி மலையின் ஏலத்தோட்டக்காரர்களின் போனுக்கு அனுப்ப ஒரு நிரல் எழுதினாள். அங்கே தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா ராக்கையா வீடு வீடாக ஏறி நாற்பது பேரின் போன் எண்களை வாங்கி வந்தார். அதுவரை வியாபாரி சொன்னதுதான் அவர்களுக்கு விலை.

திங்கட்கிழமை தொடங்குவதாகப் பேச்சு. ஞாயிறன்று அந்தத் தளம் நிரலை உள்ளே விட மறுத்தது. பிரவுசர் தளத்துக்கு அனுப்பும் அறிமுக வரிகளை அப்படியே நகலெடுத்து நிரலில் ஒட்டினாள். கதவு திறந்தது, ஆனால் வந்ததெல்லாம் கட்டமும் கேள்விக்குறியும். இருக்கிற எழுத்துரு மாற்றிகளையெல்லாம் ஓட்டினாள். வியாழன்வரை ஒன்றும் நடக்கவில்லை.

ராக்கையா போன் செய்தார். "ஆத்தா, நாளைக்கு லோடு எறக்கணும். விலை வரலேன்னா யாவாரி சொல்றதுக்கே குடுத்துர்றோம். உன்னைய யாரும் வைய மாட்டாக."

வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். திரையிலிருந்த அந்தக் குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது: இதில் ஒரு விலைகூட இல்லையே! எழுத்துரு கெட்டால் தமிழ்தான் கெடும். பத்திரிகையில் பெண் பெயர் கோணிக்கொண்டாலும் முகூர்த்தத் தேதி அப்படியே நிற்கும். இங்கே எண்களையும் காணோம். அப்படியானால் இது எழுத்தே இல்லை.

ஐந்து நாள் வந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். ஐந்தும் ஒரே இரண்டு குறிகளோடு தொடங்கின. இணையத்தில் தேடினால், அது சுருக்கி அனுப்பிய பக்கத்தின் அடையாளமாம். அவள் ஒட்டிய வரிகளில் ஒன்று, 'சுருக்கி அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன்' என்று தளத்திடம் சொல்லியிருக்கிறது. தளமும் சொன்னபடி மூட்டை கட்டி அனுப்ப, இவள் அதைப் பிரிக்காமலே ஐந்து நாள் படித்திருக்கிறாள்! வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வந்ததை முதலில் விரித்து, பிறகு எழுத்தாக்க இரண்டு வரி சேர்த்தாள். விலைகள் வரிசையாக வந்து நின்றன.

வெள்ளி காலை நாற்பது போனுக்கும் விலை போனது. கொஞ்ச நேரத்தில் ஜீப்புச் சத்தத்துக்கு நடுவே ராக்கையா பேசினார்.

"இன்னைக்கு யாவாரி சொல்லல ஆத்தா. நான் அவருக்கு விலை சொன்னேன்."