அம்மை என்று நினைத்த அந்த ஐந்து நாள்

என் கணவருக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் போனபோது நாங்கள் டில்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் அதிகம் என்று டிஸ்பென்சரி டாக்டரம்மா மாத்திரை எழுதினார். தினமும் ஒன்று, மறக்கக் கூடாது. உடம்பில் தடிப்பு ஏதாவது வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள் என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல். கண் சிவந்தது. வாயெல்லாம் புண்ணாகிச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முகத்திலும் மார்பிலும் செம்புள்ளிகள். மே மாத வெயில் வேறு. எனக்குச் சந்தேகமே வரவில்லை, அம்மைதான். காலனி வேப்பமரத்தில் கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினேன், தலைமாட்டிலும் வைத்தேன். தாளிப்பதை நிறுத்தினேன்.

"அந்த மாத்திரையா இருக்குமோ? டாக்டரம்மா சொன்னாங்கல்ல?" என்றார் அவர்.

"ஆத்தா இறங்கியிருக்கா. அவளைப் போய் மாத்திரைன்னு சொல்லாதீங்க!" என்று சீறினேன்.

ஆபீஸிலிருந்து வந்த மகள், "ஹாஸ்பிடல் போலாம்மா, ஜல்தி" என்று கெஞ்சினாள். டில்லியில் பிறந்தவளுக்கு அம்மையைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் வாயையும் அடைத்தேன். நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே. அம்மனுக்கு ஆகாது என்று காய்ச்சல் மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. யூரிக் ஆசிட் மாத்திரையை மட்டும், மறக்கக் கூடாது என்றார்களே என்று, நான்கு நாளும் இளநீரோடு என் கையாலேயே ஊட்டினேன்.

ஐந்தாம் நாள் வேப்பிலையால் முதுகை வருடியபோது தோல் உரிந்து இலையோடு வந்தது. அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே கேட்ட முதல் கேள்வியே, புதிதாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதுதான். அட்டையை நீட்டினேன். எல்லாருக்கும் இப்படி ஆகாது, எப்போதாவது ஒருவருக்கு ஆகும் என்றார்கள். முதல் புள்ளி தெரிந்த அன்றே ஏன் நிறுத்தவில்லை என்றும் கேட்டார்கள்.

உயிர் மிஞ்சியது. இரண்டு கண்ணிலும் தழும்பு விழுந்து பார்வை போய்விட்டது.

இப்போது காலையில் பிரஷர் மாத்திரை கொடுக்கிறேன். கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இது என்ன மாத்திரை என்று ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்லை. கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்று இருக்கிறது.