டெரலின் இடத்தில் நான் போட்ட துண்டு

ஆட்டக்காரர்களின் துணியைத் துவைப்பது சுலபம். துணிக்குச் சொந்தக்காரன் வந்து பேச ஆரம்பித்தால்தான் தொல்லை.

ரிடையர் ஆகி மகன் வீட்டோடு அமெரிக்கா வந்து, காரில்லாமல் தெருமுனை தாண்ட முடியாமல் தவிக்கும் என் இனத்தாருக்கு இதை எழுதுகிறேன். கரூர் பஸ் டெப்போவில் இருபத்தொன்பது வருஷம் கிளார்க்காக இருந்தவன் நான். டெக்ஸஸில், ஃபிரிஸ்கோவில், வேக்குவம் கிளீனர் ஓடுவதை எத்தனை நாள் வேடிக்கை பார்ப்பது? மருமகள் விசாரித்து ஒரு வேலை பிடித்துத் தந்தாள். ஒரு கல்லூரி ஃபுட்பால் டீமுக்குத் துணி துவைப்பது. நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். அவர்கள் பேசியதெல்லாம் டெக்ஸஸ் இங்கிலீஷ். என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன்.

சம்பளம்

ஒரு மேட்ச் முடிந்து கால்சட்டைகளை உதறினால் விழும் மண்ணில் அரை ஏக்கர் கடலை போடலாம். போட்டும் பார்த்தேன். முளைத்தது. ஸ்டேடியம் நிறைய ஜனம், டிவி, வாத்தியம், பட்டாசு. இத்தனை அமர்க்களத்துக்கு இந்தப் பையன்களுக்கு என்ன தருகிறார்கள் என்று சாமான் அறைத் தலைவர் ரேயிடம் கேட்டேன். ஒன்றும் கிடையாது, இவர்கள் மாணவர்கள், படிப்புச் செலவு மட்டும் கல்லூரியுடையது என்றார். நான் முழித்ததைப் பார்த்து ரே இன்னும் சொன்னார்.

"இந்தக் கட்டடத்துல சம்பளம் வாங்குறது நீ, நான், கோச், அப்புறம் மாடியில நாலு பேரு. கோச் எவ்வளவு வாங்குறாருன்னு மட்டும் கேக்காதே அங்கிள், கையில இருக்கிற சோப்பு நழுவிடும்."

துண்டு

நாற்பத்திநாலாம் நம்பர் சட்டைக்காரன் டெரல். அவன் தும்மினால் டிரையர் நின்றுவிடும், அப்படி உடம்பு. கல்லூரியில் நாலு வருஷம் ஆடலாம்; மூன்று ஆடிவிட்டான், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. சம்பளம் கொடுக்கும் பெரிய கிளப்புகள் ஏப்ரலில் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கி எடுப்பார்களாம். ஜனவரியில் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு, சட்டைகளை ஒப்படைக்க வந்தான். "எடுக்கலேன்னா?" என்றேன். "எடுப்பாங்க" என்றான்.

அவன் போனதும் நம்மில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். லாக்கர் முன்னால் அவன் உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டேன். பழநி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த பரம்பரை நாம். துண்டு கிடந்தால் கலெக்டரே ஆனாலும் நின்றுகொண்டுதான் வரவேண்டும். கோச் அதைப் பார்த்து ரேயிடம் என்னவென்று கேட்டார். அவருக்கும் தெரியாது. அங்கிளோட சாமி விஷயமாக இருக்கும் என்று சொல்லி வைத்தார். கோச் உடனே உத்தரவு போட்டார்.

"அப்படின்னா யாரும் தொடாதீங்க. போன சீசன் நாம ஆடின ஆட்டத்துக்கு எந்தச் சாமியையும் பகைச்சுக்க முடியாது."

பஜ்ஜி

ஏப்ரலில் இரண்டு நாள் டெரல் ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் முறைத்த முறைப்பில் எதிர்வீட்டு ஃபோன்கூட அடித்ததாம், இவனுடையது அடிக்கவில்லை. முழங்கால் சந்தேகம் என்று எல்லாக் கிளப்பும் கைவிட்டுவிட்டது. திங்கட்கிழமை வந்து, துண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "எனக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் ஆடணும், அங்கிள். ஆனா பேர் கொடுத்தவன் திரும்பி வரக்கூடாதாம்" என்றான்.

மாடியில் விதிமுறை பார்க்கும் ஷெரில் அம்மாளிடம் போனேன். பெயரை வாபஸ் வாங்கக் கெடு இருந்தது, அது ஜனவரியோடு முடிந்தது என்றார். ஏப்ரலில் வரும் ரிசல்ட் ஜனவரியில் எப்படித் தெரியும்? "அம்மா, எங்க ஊர்ல பொண்ணு பாக்கப் போவோம். பஜ்ஜி சாப்பிடுவோம். 'லெட்டர் போடுறோம்'னு பொண்ணு வீட்டுல அனுப்புவாங்க. லெட்டர் வராது. அதுக்காக அந்தப் பையனைக் கல்யாணம் ஆனவன்னு சொல்லலாமா?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இவன் போய்விட்டான் என்று நம்பி இன்னொரு பையனை அதே இடத்துக்கு வரச் சொல்லியாகிவிட்டதே, அவனை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். அதுவும் நியாயமாகவே பட்டது. ஏறும்போது ஒரு கட்சி, இறங்கும்போது ஒரு கட்சி என்று படிக்கட்டிலேயே குழம்பினேன். அந்த அம்மாள் கடைசியாகச் சொன்னது காதிலேயே இருந்தது.

"நீங்க சொல்றதும் சரிதான், அங்கிள். ஆனா ரூல் புத்தகத்துல பஜ்ஜி இல்லையே."

மனு

இருபத்தொன்பது வருஷ சர்வீஸ் எதற்கு இருக்கிறது? 'மிகப் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்று தொடங்கி, கல்லூரி ஆட்டங்களுக்கெல்லாம் விதி போடும் சங்கத்துக்கு மூன்று பக்கம் இங்கிலீஷில் எழுதினேன். என் மகனையே சாட்சிக்கு இழுத்தேன். டாட்காம் கம்பெனி ஒன்றை நம்பி வேலையை விட்டான். நாலு மாதத்தில் அது மூடிக்கொண்டது. பழைய கம்பெனி திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதே நாற்காலி, அதே காப்பிக் கோப்பை. சம்பளம் வாங்கியவனுக்கே வழி உண்டு, வாங்காதவனுக்கு ஏன் இல்லை?

டெரல் கையெழுத்துப் போட்டான். டெப்போ வழக்கப்படி கடைசியில் 'நகல்' என்று போட்டு கோச், கல்லூரித் தலைவர், கவர்னர் என்று வரிசையாக எழுதினேன். பின்னால் ஆட்சேபணை வரக்கூடாதே என்று எங்கள் பரம எதிரி டீமின் கோச்சுக்கும் ஒரு நகல். முதல் பதில் அங்கிருந்துதான் வந்தது.

"எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. எங்களுக்கு எதிராக டெரல் ஆடிய லட்சணத்தைப் பார்த்தால், இன்னும் நாலு வருஷம்கூட ஆடட்டும்."

பஸ் வரும்போது

சங்கத்தின் பதில் ஜூலையில் வந்தது, இரண்டே வரி. படிக்கலாம், ஆடக் கூடாது. டெரல் அதை நாலு தடவை படித்து, மடித்து, என் சோப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தான். பட்டம் வாங்கப் பாக்கியிருந்த வருஷத்துக்கு ரே அவனைச் சாமான் அறையில் சேர்த்துக்கொண்டார். தான் போட்டு ஆடிய நாற்பத்திநாலைத் தானே துவைத்தான்.

ஆகஸ்டில் அந்தச் சட்டைக்குப் புதுப் பையன் வந்தான். துண்டைப் பார்த்து உட்காரப் பயந்து நின்றுகொண்டே ஷூ மாட்டினான். டெரல் எழுந்துபோய்த் துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, "உக்காருப்பா" என்றான். நான் அன்று மெஷினில் சோப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அடுத்த ஜனவரியில் இன்னொரு பையன் கிளப்புகளுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போனான். வழக்கம்போல் துண்டோடு போனேன். அவன் இடத்தில் ஏற்கெனவே ஒன்று கிடந்தது, ஓரம் பிசகாமல் மடித்து. டெரலைப் பார்த்தேன். "ரூல் மாறலையேடா, இது எதுக்கு?" என்றேன்.

"பஸ் வரும்போது வரட்டும், அங்கிள். இடம் இருக்கணும் இல்ல?"

யார் பக்கம் நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் டீ குடிக்க இறங்கியவனுக்கு டீயும் கொடுக்காமல், திரும்ப ஏறவும் விடாத பஸ்ஸை என் சர்வீஸில் இந்த ஒன்றைத்தான் பார்த்தேன்.