ஜோடிக்காரரின் நான்கு சக்கரங்கள்

டயர் கடைக்காரருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் ஜோடிக்காரர். ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் போடச் சொன்னால், மந்திரியே வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ஒண்ணு தேஞ்சா ரெண்டையும் மாத்து. இல்லேன்னா பிரேக் போடறப்போ ஒண்ணு நிக்கும், ஒண்ணு ஓடும்" என்று காரை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். கார் அந்தரத்தில் தொங்கும்போது சொந்தக்காரர் தலையாட்டாமல் வேறென்ன செய்வார்?

இப்படி ஊரே ஜோடியாக வாங்கிப் போனதில், கழற்றிப் போட்ட ஒற்றை டயர்கள் கடையில் மலையாகக் குவிந்தன. நல்ல ரப்பரை எறிய அவருக்கு மனசு வராது. எல்லாம் அவருடைய காருக்கே போயின. நான்கு சக்கரமும் நான்கு கம்பெனி. பின்பக்கம் ஒன்று மண்பாதைக்கான முரட்டு டயர். இன்னொன்று உள்ளங்கை மாதிரி வழவழப்பு.

அவர் மனைவி ஐம்பத்திரண்டு வயதில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அன்று கடைசிப் பரீட்சை. பத்து மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள். விட்டால் இன்னொரு வருஷம். நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மனைவியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போன ஜோடிக்காரர் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தார். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் சம்மதிக்கவில்லை. கார் நிதானமாக அரைவட்டம் அடித்து, ஒரு சக்கரத்தைச் சாக்கடையில் இறக்கி, வந்த வழியைப் பார்த்து நின்றது.

"என்னங்க, வீட்டுக்கே திரும்பிட்டோமா?"

"ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கிடக்கும்மா."

"மணி ஒம்பதே முக்கால்" என்று மனைவி இறங்கி, வந்த டாக்சியைக் கை காட்டி நிறுத்தினார். ஜோடிக்காரர் மழையில் குனிந்து அதன் முன்சக்கரங்களைப் பார்த்தார்.

"ஏறாதே! ரெண்டும் வேற வேற!"

"அண்ணே, போன மாசம் நீங்கதானே துரத்தி விட்டீங்க? வேற கடையில போட்டேன்" என்றான் டிரைவர்.

"உயிரோட விளையாடறே தம்பி..."

"நகருங்க" என்றார் மனைவி. "அது சட்டப்படி என்ன குத்தம்னு பரீட்சை எழுதிட்டு வந்து சொல்றேன்."

டாக்சி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பத்து நிமிஷத்தில் போன் வந்தது: "உள்ளே போயிட்டேன்."

அவருக்கு மூச்சு வந்தது. காரைத் தூக்க வந்த கிரேன்காரர் நான்கு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு வண்டிங்க இது?"

ஜோடிக்காரர் முகத்து மழைநீரை வழித்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சவர்தான். சொன்னா கேக்கற ஆளில்லைங்க."