தகடு மேலேயே இருக்கட்டும் என்றேன்

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, இடது காறை எலும்பின் மேல் எனக்கு ஒரு தகடு இருக்கிறது. சட்டையை விலக்கினால் தோலுக்கடியில் அதன் விளிம்பு தெரியும், திருகுகளின் தலை தெரியும். சும்மா இருக்கும் விரல் அங்கேதான் போகிறது. போய், தடவி, சுட்டதுபோல் திரும்பி வருகிறது. அந்தத் தகடு அங்கே இருக்க வேண்டியதில்லை.

செம்பவாங்கில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். மழை விட்ட பாதை, ஈர இலை, அவ்வளவுதான். மருத்துவர் சீனப் பெண், என்னைவிட மிக இளையவர். மேசையில் பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை வைத்தார். வளைந்த தகட்டை முதலில் அதன் முதுகில் உட்கார்த்தினார், பிறகு முன்பக்கமாகச் சரித்தார்.

"எங்கே வைத்தாலும் எலும்பு கூடிவிடும். ஆனால் நீங்கள் ஒல்லி. மேலே வைத்தால் பை வார்கூட உரசும், பாரம் ஏற்றினால் வலிக்கும். முன்னால் வைத்தால் சதைக்குள் கொஞ்சம் மறைந்துகொள்ளும். தோளில் ஏதாவது சுமப்பீர்களா?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டாள்: "தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கணும், டாக்டர்."

ஆமாம். முந்தைய வருடம் அவள் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. பயம் போய்விட்டது, வேண்டுதல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. காவடி ஊர்வலம் போகும் சிராங்கூன் சாலையில் சட்டையில்லாமல் இந்த எலும்புக்கூட்டு மார்போடு, ஆபீஸ் ஆட்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, நான் நடப்பதா? நினைத்தாலே உடம்பு கூசியது.

மகளின் அழைப்பு வந்தது. மனைவி பேசிக்கொண்டே வெளியே போனாள்.

"மேலேயே இருக்கட்டும்," என்றேன் மருத்துவரிடம்.

"காவடி?"

"நான் எடுக்கப்போவதில்லை."

அவர் அதைக் கணினியில் தட்டச்சு செய்தார். திரும்பி வந்த மனைவியிடம், என் எலும்புக்கு, தகட்டை மேலே வைத்தால்தான் சரிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

"அப்ப விடுங்க. உங்களுக்குப் பதிலா நான் பால்குடம் எடுக்கிறேன்."

எடுத்தாள். நான் அவளுக்காக வேண்டியதை அவளே சுமந்தாள். பக்கத்தில் நான், செருப்புப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக. வழியில் பழைய நண்பன் பிடித்துக்கொண்டான்.

"என்ன லா, பொண்டாட்டிய சுமக்க விட்டுட்டு நீ தண்ணி பாட்டில் தூக்குறியா?"

பொத்தானைக் கழற்றித் தகட்டின் புடைப்பைக் காட்டினேன். அவன் முகம் சுருங்கியது. "சாரி லா, தெரியாது."

பிறகு கேட்காதவர்களுக்கும் காட்டினேன். டேங்க் ரோடு கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தப் பொத்தான் எத்தனை முறை கழன்றதோ. தார் சுட, அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். பால் சிந்தவில்லை.

போன மாதம் மறுபடி அதே மருத்துவர். மனைவி மெல்லக் குறைபட்டாள்: "முன்பக்கமா வச்சிருந்தா இவரே காவடி எடுத்திருப்பார், டாக்டர்."

மருத்துவர் திரையைப் பார்த்தார். நான் அன்று சொன்னது அதில் இருந்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்காமல், என் பக்கம் திரும்பினார். "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. தகட்டை எடுத்துவிடலாம். சில மாதத்தில் எதையும் சுமக்கலாம். எடுக்கவா?"

"எடுத்துடுங்க. அடுத்த தைப்பூசத்துக்கு ஆச்சு," என்றாள் மனைவி. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"மேலே வைக்கச் சொன்னது டாக்டர் இல்ல," என்றேன் அவளிடம். "நான்தான். காவடிக்குப் பயந்து."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீடு திரும்ப, உட்லண்ட்ஸ் போகும் ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். பாதி வழியில், குடையும் தண்ணீரும் மடிக்கணினியும் அடைத்த தன் பையைக் கழற்றி என் இடது தோளில் மாட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வார் சரியாகத் தகட்டின் மேல் விழுந்தது. வலித்தது. தோள் மாற்றவில்லை.