விமானம் வராத முப்பத்தைந்து நிமிடம்: சோணைச்சாமியிடம் பிடிமண் கேட்கப் போனது

இந்தப் பக்கத்தில் வழக்கமாக அருவி, மலைப்பாதை, பரோட்டாக் கடை என்று எழுதுகிறவன் நான். இந்த முறை எழுதப்போகிற இடத்துக்கு நீங்கள் போக முடியாது. நீங்கள் இதைப் படிக்கும்போது அது இருக்குமா என்றே தெரியவில்லை. ஆனால் நிலம் எடுக்கப்படுகிற ஏதாவது ஓர் ஊரில் உங்களுக்கும் குலசாமி இருந்தால், இதே வேலைக்கு நீங்களும் ஒருநாள் கிளம்ப வேண்டியிருக்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் மனைவி செல்வியின் ஊர், மதுரை விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது. ஓடுபாதையை நீட்ட எடுக்கும் நிலத்தில் அந்த ஊரும் சேர்ந்துவிட்டது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று மாமனார் கேட்டுக்கொண்டார். மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். ஆட்களுக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி மாற்று மனை கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய குலசாமியான சோணைச்சாமிக்கு மனை கொடுக்க எந்த விண்ணப்பமும் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குலசாமியை வேறு இடத்தில் வைத்துக் கும்பிட வேண்டுமென்றால், சாமி நிற்கிற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும். அந்தப் பிடிமண்ணை எடுக்கச் சாமி உத்தரவு தர வேண்டும். பூசாரி சூடம் ஏற்றிக் கேட்பார், அது அணைவதற்குள் கோயிலில் பல்லி கத்தினால் சம்மதம். மொத்தம் மூன்று சூடம். மூன்றும் தவறினால் ஒரு வருஷத்துக்குக் கேட்கக் கூடாது. இதில் செல்வி வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பல்லி கத்தியதா இல்லையா என்பதைப் பங்காளிகள் யாரும் சொல்லக் கூடாது, ஆசையில் இல்லாததைக் கேட்டுவிடுவார்களாம். வெளியிலிருந்து பெண் எடுத்த மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். அன்று ஊரில் இருந்த ஒரே மாப்பிள்ளை நான்.

எழும்பூரிலிருந்து சனிக்கிழமை ரயில் ஏறி, ஞாயிறு காலை 5.50க்கு மதுரையில் இறங்கினோம். ரயிலடியிலிருந்து பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் இட்லி, டீ, இருவருக்கும் 110 ரூபாய். 6.45க்கு டவுன் பஸ். வில்லாபுரம், அவனியாபுரம் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். பாதிப் பயணம் வரை கடைகள், கல்யாண மண்டபங்கள். பிறகு ஒருபுறம் மல்லிகைத் தோட்டம், மறுபுறம் முள்கம்பி போட்ட மதில். ஆட்டோக்காரர் எங்கள் பையைப் பார்த்துவிட்டு, சாமான் ஏற்ற வந்திருக்கிறோமா என்று விசாரித்தார். இப்போது அந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் அதற்குத்தான் வருகிறார்களாம்.

மாமனார் கருப்பையாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். அவர் தலையெடுத்துத்தான் ஒன்றேகால் ஏக்கர் வாங்கி மல்லிகை போட்டார். சோணைச்சாமிக்குப் பூசாரியும் அவரே. சோணைச்சாமி வேறெங்கும் போய் நிற்க மாட்டார், தாங்கள் போகிற இடத்துக்குத்தான் வருவார் என்று அவர் நம்பியிருந்தார். அந்த ஒன்றுதான் அவரை நடமாட வைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் பேசுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். விமானம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள். யாரும் காதைப் பொத்துவதில்லை. தொட்டில் குழந்தை அசைவதுகூட இல்லை. செல்வி சென்னை வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். கல்யாணமான புதிதில், என்மேல் ஏதோ கோபம் என்று ஆறு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

சிக்கல் இதுதான்: இந்தச் சத்தத்தில் பல்லி கத்தினால் யாருக்குக் கேட்கும்? மச்சினன் பாண்டி கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். விவரமான பையன். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை. பாண்டி அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, செல்போனில் விமானங்களின் நேரத்தைப் பார்த்தான். 11.20க்கு ஒன்று இறங்குகிறது, அடுத்தது 11.55க்கு. நடுவே முப்பத்தைந்து நிமிடம் அமைதி. சாமிகும்பிடக்கூட இனி ஏர்போர்ட்டுக்காரனைக் கேட்கணுமா என்று மாமனார் முணுமுணுத்தார். ஆனாலும் சரியென்றார். எனக்குக்கூட அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கோயில் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஆறடிக்கு ஆறடி ஓட்டுக் கொட்டகை, ஒரு பீடம், இரண்டு அரிவாள். சுமார் நாற்பது பேர் வெயிலில் நின்றோம். 11.20 விமானம் இறங்கி ஓய்ந்ததும் மாமனார் முதல் சூடத்தை ஏற்றினார். ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் ஏதோ மண் அள்ளும் இயந்திரம் மட்டும் உறுமியது. சூடம் அணைந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். செல்வி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது.

மூன்றாவது சூடத்தை ஏற்றும்போது 11.37. சூடம் பாதி எரிந்திருக்கும். அப்போது வந்தது. காலையில் வர வேண்டிய ஏதோ ஒரு விமானம், தாமதமாகி, பாண்டியின் முப்பத்தைந்து நிமிடத்துக்கு நடுவில் வந்து இறங்கியது. ஓடுகள் அதிர்ந்தன. நெஞ்சுக்குள் இறங்கிய அந்த இரைச்சல் முழுக்க விலகுவதற்குள் சூடம் அணைந்து புகை வந்தது. பாண்டி போனையே வெறித்துக்கொண்டிருந்தான். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கேட்டுச்சா?"

எனக்கு விமானத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்க அங்கே கோயில் இருக்கப்போவதில்லை.

"கேட்டுச்சு மாமா" என்றேன்.

அதன் பிறகு குலவைச் சத்தம், அழுகை, என் நெற்றி நிறையத் திருநீறு. மாமனார் மட்டும் குனிந்து பீடத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். இரண்டு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்து மாற்று மனைக்குப் போனோம். வண்டி வாடகை 700 ரூபாய். சுண்ணாம்புக்கோடு போட்ட பொட்டல், நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. விமானம் அங்கேயும் தலைக்கு மேல்தான் போகிறது, கொஞ்சம் உயரத்தில், அவ்வளவுதான். மூலையில் குழி எடுத்து மண்ணை வைத்தார்கள். எல்லோரும் கும்பிட்டு முடித்து வண்டிப் பக்கம் நகர்ந்ததும், செல்வி மட்டும் என்னருகே நிற்க, மாமனார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் இருந்து கேட்டுச்சு மாப்ள?"

திசைக்கும் பலன் உண்டு என்பதை நான் மறந்துபோயிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "கெழக்குப் பக்கம் மாமா."

"சரி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

இனி, இதே வேலைக்குப் போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, 6.45ஐ விட்டால் எட்டு மணிக்குத்தான். வெயிலுக்குக் குடையும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே குழாய்கள் வற்றத் தொடங்கிவிட்டன. போன் சொல்லும் விமான நேரத்தை நம்பாதீர்கள். முடிந்தால் கெடு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே போய்க் கேளுங்கள், தவறினால் மறுபடி கேட்க வழி இருக்கும். எங்கள் வீட்டில் கடைசி நாள் வரை, நிலம் போகாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். சாட்சி சொல்ல உங்களைக் கூப்பிட்டால், என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது சரி என்று இன்றுவரை ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்றும் தோன்றவில்லை.

திரும்பும்போது ரயிலில் இடமில்லை. திங்கள் மதியம் எனக்கு அலுவலகம். அதனால் விமானம்தான், ஆளுக்கு 3,900 ரூபாய். ஆம், அதே ஓடுபாதை. காலை 6.45க்கு நாங்கள் கிளம்பியபோது மாமனார் வீட்டில் இல்லை. செடிக்குத் தண்ணீர் விடப் போயிருக்கிறார் என்றார் மாமியார். ஆட்டோவில் செல்வி என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "கோயிலுக்குக் கெழக்குல செவுரே கெடையாது. அது வாசப்பக்கம். மூணு பக்கந்தான் செவுரு."

8.40 விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. ஊர்ப் பக்கமாகத்தான் எழும்பியது. செல்விதான் முதலில் பார்த்தாள், கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினாள். கோயில் வாசலில் மாமனாரின் மொபெட் நின்றது. அவர் வெளியே மண்ணில் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாத சாமியிடம் நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. நாங்கள் கிட்டத்தட்ட அவர் தலைக்கு மேலே போனபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, இரண்டு கையையும் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.