காப்பு அறுக்கும் வரை

என் புருஷன் பதுளை மறியற்கூடத்துச் சிறையில் இருந்து தப்பி வந்தது எனக்காகத்தான் என்று தேயிலைத் தோட்டத்து லயவீட்டுப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். நானும் அரை நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் செய்த குற்றம் பெரிதில்லை. எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் மழைக்கு ஒழுகாத காம்பரா ஒன்று கிடைக்குமா என்று, கங்காணியிடம் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் உத்தரவில்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் மறியல்தான்.

குழந்தைக்கு அம்மை இறங்கியதற்காக நாங்கள் இருவரும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தோம். அவர் தீ மிதிப்பதாக வேண்டுதல். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து பூசாரி அறுக்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கட்டினவர்களுக்குள் பகை பாராட்டவும் கூடாது. நாமே அறுத்துக்கொண்டால் கண் அவிந்து போகும் என்பார்கள். கங்காணியும் எங்களோடுதான் கையை நீட்டிக் கட்டிக்கொண்டார். புகாரை முதல் நாளே அனுப்பிவிட்டதால் அவருடைய பக்தியில் யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலை போலீஸ்காரர் வந்து என் புருஷனைக் காப்புக் கையோடு கூட்டிப் போனார்.

சுவரேறிக் குதித்தார், விலங்கை உடைத்தார் என்று பின்னாளில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். உண்மையில் ரோட்டோரம் புல் வெட்ட விட்டிருக்கிறார்கள், காவலாளி கண் அசந்திருக்கிறார், இவர் நடந்தே வந்துவிட்டார். போலீஸ் பெரகல வரைக்கும் போய்த் தேடியது. தோட்டத்தை விட்டு ஓடினவனைத் தோட்டத்திலேயே தேட யாருக்குத்தான் தோன்றும்?

"இப்பவே மொனராகலைக்கு எறங்கிருவோம். பிள்ளைய நான் தூக்கிக்கிறேன்" என்றேன்.

"கையில காப்பு இருக்கு புள்ள. ஆத்தாவுக்குத் தீ மிதிக்கணும். அதுக்குத்தானே வந்தேன்."

அதுக்குத்தானே! அவர் கோயில் வரைக்கும் போயிருக்க வேண்டாம், என் வயிற்றில் எரிந்த தீயையே மிதித்திருக்கலாம்.

கோயிலில் கங்காணி அவரைக் கண்டார். "நல்லா மிதிச்சுக்கய்யா. காப்பு அறுக்கிற வரைக்கும் நான் ஒன்னப் பாக்கல" என்றார்.

"அறுத்த பெறகு, ஐயா?" என்று நான் கேட்டேன்.

"அப்ப பாத்துருவேன்."

வாக்குத் தவறாத மனுஷர். தீமிதி முடிந்து காப்பு அறுக்கும்போது முதல் மரியாதை அவருக்கு. கயிறு அறுந்ததும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பதுளை ரோட்டைப் பார்த்து நடந்தார். அடுத்து ஆண்கள். பெண்கள் கடைசியில்தான். பூசாரியோ ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் புருஷனின் காப்பு அறுந்ததும் அவரிடம் ஓடினேன். "நிக்காதீங்க, போங்க! நான் பின்னால வாறேன்."

அவர் குழந்தையை என் இடுப்பில் இருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பாதம் வெந்திருந்தது, நிற்கவே முடியவில்லை. ஆனாலும் அசையவில்லை.

"ஒன் காப்பும் அறுபடட்டும். போன தடவ ஒன்ன விட்டுட்டுப் போய்த்தான் சீரழிஞ்சேன்."

எனக்கு அழுகை வந்தது. வரிசையைப் பார்த்தேன். எனக்கு முன்னால் லயமே நின்றது. ரோட்டைப் பார்த்தேன். கங்காணியின் தலைப்பாகை வளைவு திரும்பி மறைந்துகொண்டிருந்தது.

ஆத்தாவைப் பார்த்துக்கொண்டே என் காப்பைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"இப்ப வாங்க" என்றேன்.

மொனராகலைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. விதிப்படி பூசாரி கையால் காப்பு அறுத்துக்கொண்டவருக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டில் ஊசிக்கு நூல் கோப்பது இன்றும் நான்தான்.