தாய்மாமன் வராத கல்யாணம்

எனக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மா சொல்லுவாள். பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் வடகவுஞ்சியிலிருந்து நடந்து வந்து மெயின் ரோட்டில் நின்று, வருகிற பஸ்ஸில் ஏறி வத்தலக்குண்டு வரை போவேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிப்பேன். அங்கே நிற்கிற பஸ்களின் ஊர்ப் பலகைகளை எல்லாம் ஒன்று விடாமல் வாசிப்பேன். அடுத்த பஸ்ஸில் மலையேறி வந்துவிடுவேன். பார்க்கிறவர்கள் கிறுக்கு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். எங்களுக்குக் குத்தகையில் ஒரு துண்டு நிலம் இருந்தது. பூண்டும் பீன்ஸும் போடுவார். விளைந்த மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டு ரோட்டோரத்தில் நின்றுகொள்வாரே தவிர, கூடப் போக மாட்டார். "சரக்குப் போனாப் போதும், நான் எதுக்கு?" என்பார். வேளாங்கண்ணி, திருச்செந்தூர் என்று நான் எதை எடுத்தாலும் ஒரே பதில்தான்: "பாக்கலாம்." எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். அவரைக் கிணற்றுத் தவளை என்று ஆள் இருக்கும்போதே கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொள்வார்.

என் நோயை வளர்த்ததே நான் பார்த்த வேலைதான். கொடைக்கானலில் வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு மிஷன் பள்ளியின் ஆபீஸில் இருந்தேன். அவர்களுடைய பாஸ்போர்ட், விசா ஃபாரங்களை நிரப்புவதும் புதுப்பிப்பதும் என் மேஜையில்தான் நடக்கும். பத்து வயதுப் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் எட்டு நாட்டு முத்திரை இருக்கும். வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்ப்பேன். டிசம்பர் லீவு வந்தால் பிள்ளைகள் எல்லாம் வேன் ஏறிப் போய்விடுவார்கள். வெறும் மைதானத்தில் மூடுபனி நிற்கும். எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆபீஸில் இருக்கிறோமே என்ற வீறாப்பில் எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன். பல வருடமாக அதில் ஒரு முத்திரை கிடையாது.

அந்த நிலைமையில்தான் ஒரு ஆவணி மாதம் இலங்கையிலிருந்து கடிதம் வந்தது.

என் வீட்டுக்காரர் பிறந்தது அங்கே, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவருடைய அப்பா அம்மாவுக்கு இந்தியா என்று விழுந்தது. ஒன்பது வயதில் அவர்களோடு கப்பலில் வந்து இறங்கினார். பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டத்து வேலை கிடைத்து அங்கேயே வளர்ந்தார். ஒரே அக்கா. அவருக்கு அப்போதே கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் வீட்டுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். வந்தது அந்த அக்காவின் கடிதம். மகளுக்குக் கல்யாணம், தை மாதம். சண்டை ஓய்ந்து போக்குவரத்து சுலபமாக இருந்த வருடங்கள் அவை.

கடிதத்தில் பாதி நலம் விசாரிப்பு. மீதி இது: "தாய்மாமன் வந்து மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். உன்னைத் தவிர அவளுக்கு மாமன் யாரும் இல்லை. நீ வராமல் பிள்ளையை மணவறை ஏற்ற மாட்டேன்."

தாய்மாமன் இல்லாத கல்யாணத்தைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செத்துப்போன மாமனுக்குப் பதிலாகப் பங்காளி வீட்டு ஆளை நிறுத்தலாம். உயிரோடு இருக்கிற மாமனுக்குப் பதிலாக யாரை நிறுத்துவது? கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதில் பாதி அந்த அக்காவுக்காக. மீதி எனக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்ட ஒரு நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது, இந்த மனிதன் மண்ணைக் கொத்தப் போகிறாரே என்ற கோபம்.

பள்ளி ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் கொண்டு வந்து முன்னால் வைத்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த ஊர் பண்ணைக்காடு என்று இருந்தது. பிள்ளையை யாரும் 'சிலோன்காரன்' என்று கூப்பிடக் கூடாது என்று என் மாமனார் ஹெட்மாஸ்டரிடம் அப்படிச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். அப்படியும் எல்லோரும் சிலோன்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் பிறந்த இடம் அட்டன் தோட்டம். ஒரே ஆள் இரண்டு நாட்டில் பிறந்திருக்கிறார்.

"இத ரெண்டையும் ஒருத்தன் சேத்து வச்சுப் பாத்தான்னா, நீ எந்த ஊருக்காரன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?" என்றார்.

இவ்வளவுதானா என்று எனக்கு உயிர் வந்தது. இத்தனை வருடமாக மலையை விட்டு இறங்காததற்கு இந்தக் காகிதப் பயம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். காகிதம் என் தொழில். மாமனாரின் டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் அவர் கப்பலேறியபோது வாங்கிய பழைய பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் பிள்ளையாக இவருடைய பெயரும் இருந்தது. வத்தலக்குண்டில் வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் எழுதினேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் டீ குடித்துவிட்டு, பூண்டு என்ன விலை போகிறது என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் தபாலில் பாஸ்போர்ட் வந்தது. பிறந்த இடம் உள்ளது உள்ளபடி இருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன்.

"பூண்டு எடுக்குற நேரம்."

"பூண்ட எங்க அண்ணன் வந்து எடுப்பான்."

"நீ போயிட்டு வா. சீர் நான் வாங்கித் தாரேன்."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் விடியுமுன்னே எழுந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனார். வத்தலக்குண்டுகூட இல்லை, திண்டுக்கல். பொழுது சாய்கிற நேரத்தில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவையும் ஒரு மோதிரமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பஸ் ஏறத் தெரியாத ஆள் இல்லை, பயந்த ஆளும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்படியானால் என்னதான் காரணம்? கேட்டேன். "வெரசா சோத்தப் போடு, பசிக்குது" என்றார்.

திருச்சியிலிருந்து தனியாக விமானம் ஏறினேன். அக்கா வீட்டுக் காரியமாகப் போகிறோம், சந்தோஷப்படக் கூடாது என்று எனக்கு நானே புத்தி சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்ததும் புத்தி பறந்துவிட்டது. கொழும்பில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த சத்தத்தை மறக்கவே முடியாது. இன்னொரு தடவை குத்தச் சொல்லலாமா என்று இருந்தது. மலை ஏறுகிற வேனில் ஐந்து மணி நேரம் நான் கண்ணை மூடவில்லை. போகப் போக இன்னும் போக வேண்டும் போலிருந்தது. இந்த ரோடு அட்டனோடு முடிகிறதே என்றுகூட வருத்தப்பட்டேன்.

வேன் தோட்டத்து லயத்தின் முன்னால் நின்றது. வரிசை வீடுகளில் மூன்றாவது வீட்டிலிருந்து மதினி, அவருடைய அக்கா, ஓடி வந்தார். போட்டோவில் பார்த்த முகம்தான், நரை மட்டும் புதிது. நான் இறங்கிய பிறகும் வேனுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் கதவைச் சாத்தின பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி பின்னால வாரானா?"

"வரல மதினி."

மதினி என் பையை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கேள்வியில் என் முத்திரையும் கடலும் எல்லாம் எனக்கே கசந்துபோயின. அவருக்கு வர வேண்டிய ஆளின் இடத்தில் நான் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே தானாகச் சொன்னார்.

"அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும் புள்ள. நான் செஞ்ச பாவம் அது. அன்னைக்கு ஸ்டேஷன்ல கோச்சி வந்து நிக்குது. அவன் என் சீலையப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்கிறான். அழுதா அம்மா தாங்காது. நான்தான் சொன்னேன், கோச்சியில போயி கப்பலப் பாத்துட்டு நாளைக்கே வந்துரலாம்டா, அக்கா இங்கனயே நிக்கிறேன்னு. சிரிச்சிக்கிட்டே ஏறுனான். அம்புட்டுதான். ஏமாத்திட்டேன்னு அவனுக்கு மனசுல கெடக்கு."

இந்தக் கதையை என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் அவரைத் தவளை என்று சொன்னேனே தவிர, கேட்டதில்லை. எனக்குப் போவது பிடிக்கும். ஏனென்றால் நான் போன இடத்திலிருந்தெல்லாம் அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறேன். யாரையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

கல்யாணத்தன்று காலையில் வம்பு ஆரம்பித்தது. மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தாயிற்று. மாமன் முறைக்கு அடுத்த லயத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்து மாலையும் கையுமாக நிறுத்தியிருந்தார்கள். மதினி கதவை மறித்துக்கொண்டு நின்றார். "என் தம்பி உசுரோட இருக்கான். இன்னொருத்தர் கையில பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று ஒரே பிடி. உள்ளே அந்தப் பெண் அரக்குப் பட்டோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அங்கே ஒரு மனிதன் பூண்டு பிடுங்கிக்கொண்டிருக்கிறான், இங்கே ஒரு கல்யாணம் நிற்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அண்ணனுக்குக் கொழும்பில் வேலை. அவரிடம் செல்போன் இருந்தது. வாங்கி வீட்டு நம்பரைப் போட்டேன். அவர் வயலில் இருப்பார், மணி அடித்து ஓயும் என்று நினைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"உங்களால நிக்குது" என்று சொல்லி மதினியிடம் நீட்டினேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். மாப்பிள்ளையின் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். லயம் முழுக்கக் கேட்டது.

"தம்பி."

"சொல்லுக்கா."

மதினி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கே வந்துரலாம்னு உன்ன ஏமாத்தி ஏத்தி விட்டேன்டா. அந்தக் கோவந்தானே? அதுக்காகப் பிள்ளைய வெறுத்துராத."

"நீ ஏமாத்தலக்கா. அது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

மதினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அம்மியப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாக. கோழிய வித்துட்டாக. நாளைக்குத் திரும்பி வர்றவுக அம்மியக் குடுப்பாகளா? நான் அழுதா நீ அழுவே, நீ அங்கன தனியா நிக்கணும். அதான் நம்புன மாதிரி சிரிச்சிக்கிட்டு ஏறுனேன்."

மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"பெறகு ஏன்டா வரல?"

"வந்தா திரும்பக் கிளம்பணும்லக்கா. இன்னொருக்க உன் மூஞ்சியப் பாத்துப் போயிட்டு வாரேன்னு சொல்றதுக்கு எனக்குத் தெம்பு இல்ல." பிறகு சொன்னார்: "என் பொண்டாட்டி அங்க இருக்கா. அவ கூட்டிட்டுப் போனா நான் கூட்டிட்டுப் போன மாதிரி. பிள்ளைய அனுப்புக்கா, முகூர்த்தம் போகுது."

மாலையை வாங்கி அந்தப் பெண்ணின் கழுத்தில் போட்டேன். அதன் கையைப் பிடித்தேன். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் தடுக்கவில்லை. வாசலைத் தாண்டும்போது என் முதுகுக்குப் பின்னால் மதினி போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"நீ வாடா தம்பி. வந்து ரெண்டு நாள் இருந்துட்டு, சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."